மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்: இதை யார் சொல்லிக்கொடுத்தது?

திருப்பூரான்:
வங்கதேசத்தில், டாக்கா பக்கத்தில் காஜிப்பூரில் பின்னலாடை ஆலையில் வேலை. போன வாரம் என் ஒன்றரை வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் வாங்கக் கடைக்கு ஓடினேன். திரும்புவதற்குள் சமையலுக்கு வரும் அம்மா மூன்று விரலால் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடமே போகாதவர். "சின்ன வயசில் ஓர் ஆபா வீட்டுக்கு வந்து எங்கம்மாவுக்குக் காட்டினாங்க" என்றார். ஆபா என்றால் இங்கே அக்கா. யார் அந்த ஆபா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
பாப்பா தேறிவிட்டாளா தம்பி? அந்த ஆபா பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனத்தின் ஊழியராக இருக்கும். இந்தக் கலவையைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்க 1980இல் தொடங்கிப் பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகள் ஏறி இறங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது சம்பள விஷயம்தான். எத்தனை வீடு போனாய் என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போய்த் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று சோதிப்பார். அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குப் பணம். அதனால் தாயின் கையாலேயே கலக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவார்கள். நாங்கள் பொட்டலத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். மறுமாதம் போனால் அது பிரிக்காமல் மாடத்தில் கிடக்கும். தலையாட்டியதை நம்பினோம், வேறென்ன!

கணக்குப்பிள்ளை:
எல்லாப் புகழையும் வெல்லத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். 1980இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. இப்போது முப்பதுக்கும் கீழே. தடுப்பூசி, பெண்கள் படிப்பு எல்லாம் சேர்ந்துதான் இது. இன்று மிச்சமிருக்கும் சாவில் பெரும்பங்கு பிறந்த முதல் மாதத்தில்: குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், கிருமித்தொற்று. அங்கே இந்தத் தண்ணீர் எடுபடாது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
சரிதான், முதல் மாதம் வேறு கதை. தம்பி, பொட்டலம் கையில் இருந்தால் அதையே கொடுங்கள். வீட்டுக் கலவையில் உப்பு கூடினால் ஆபத்து. டாக்டரிடம் கேட்டு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

திருப்பூரான்:
தேறிவிட்டாள் அக்கா. நேற்று அந்த அம்மா முன்னால் நானே கலந்து காட்டினேன். ஒரு வாய் ருசி பார்த்தார். உப்பு அதிகம் என்று அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார்.