டவர் ஸ்பீக்கர் இருக்கும்போது 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழே உள்ள பேஸைச் சப்வூஃபருக்கு (சப்) அனுப்பலாமா?

மணல்வீடு:
அறை 14க்கு 12 அடி, உயரம் 10. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. முன்னால் இரண்டு போர்ட்டட் (பெட்டியில் காற்றுத் துளை உள்ள) டவர், ஒவ்வொன்றிலும் 6.5 அங்குல வூஃபர் இரண்டு, 38 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று போட்டிருக்கிறது. சென்டரில் 5.25 அங்குலம் இரண்டு, சரவுண்ட் 4 அங்குலம், 12 அங்குல சப் ஒன்று. ஏவிஆர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர்) தானே மைக் வைத்து அளந்து டவரை "லார்ஜ்" என்றும் வெட்டும் இடத்தை (கிராஸ்ஓவர்) சென்டருக்கு 60, சரவுண்டுக்கு 120 என்றும் வைத்திருக்கிறது. சப்பின் பின்பக்கத் திருகு 80இல் இருக்கிறது. ஆண் குரல் மெலிந்து கேட்கிறது, இடி விழுந்தால் அறையே உறுமுகிறது. எதை மாற்றுவது?

நாற்பதாம்படி:
முதலில் லார்ஜை எடுங்கள். லார்ஜ் என்றால் டவருக்குப் போகும் பேஸ் முழுவதையும் டவரே சுமக்கும். முன் சேனல்களிலிருந்து சப்புக்கு எதுவும் போகாது. ஸ்மால் (கீழ் பேஸ் சப்புக்குப் போகும்), 40 ஹெர்ட்ஸ் வையுங்கள். 80 வைத்தால் நான்கு வூஃபருக்குக் கொடுத்த காசு வீண்.

கோன்கணக்கு:
வீண் இல்லை சார். ஏவிஆரின் ஹை-பாஸ் (கீழ் பேஸை வெட்டும் ஃபில்டர்) பெரும்பாலும் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபெல் சரிவுதான். 80 வைத்தாலும் டவர் அங்கேயே நின்றுவிடாது, 40 ஹெர்ட்ஸ் வரை குறைந்துகொண்டே பாடும். 40இல் அதற்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு பவர். அதே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே போனால் கோன் (வூஃபரின் அசையும் கூம்பு) நான்கு மடங்கு ஆட வேண்டும். அந்த ஆட்டத்தைச் சப்பிடம் ஒப்படைத்தால் டவரின் வூஃபர் மேலே உள்ளதைச் சுத்தமாகப் பாடும். சினிமா ஒலிக்குத் தரச் சான்று தரும் டிஹெச்எக்ஸ் 80 என்று சொன்னதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. 80இல் தானாகவே இறங்கும் மூடிய பெட்டி ஸ்பீக்கருக்கு 12 டெசிபெல் ஃபில்டர் சேர்ந்தால் மொத்தம் 24. சப்பின் லோ-பாஸும் (மேலே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) 24. இரண்டும் அழகாகக் கோத்துக்கொள்ளும்.

நாற்பதாம்படி:
நான்கு மடங்கு கணக்கு மூடிய பெட்டிக்கு. இவர் டவர் போர்ட்டட். ட்யூனிங் அதிர்வெண்ணை (போர்ட் அதிகம் முழங்கும் அதிர்வெண்) ஒட்டிக் கோன் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும், காற்றைத் தள்ளுவது போர்ட்தான். நீங்களே சொன்ன 12+12 கோப்பும் போர்ட்டட் டவருக்குப் பொருந்தாது. இன்னொன்று, ஒரே சப் மூலையில் இருந்தால் அறையின் எல்லா மோடையும் (எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று முழங்கும் அலைகளை) ஒன்றாகக் கிளப்பும். டவரும் சேர்ந்து பேஸ் கொடுத்தால் மூன்று இடத்திலிருந்து வருவதால் மேடுபள்ளம் குறைய வாய்ப்பு உண்டு.

கோன்கணக்கு:
ட்யூனிங் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்யூனிங்குக்குக் கீழே போனதும் கோனைப் பிடித்துவைக்கப் பெட்டிக்குள் அழுத்தமே இருக்காது, வெறுமனே உதறும். சினிமாவில் 28 ஹெர்ட்ஸ் சாதாரணமாக வரும். 40இல் வெட்டினால் 28இல் குறைவது 7 டெசிபெல். 80இல் வெட்டினால் 18. சத்தம் கூட்டிக் கேட்கும் வீட்டில் வூஃபர் "டப்" என்று அடிவாங்குவதும் வாங்காததும் இந்த வித்தியாசத்தில்தான்.

சுவரையும் பாருங்கள். டவரின் முன்முகம் அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் அலையை அடித்துவிடும். அந்தக் குழியை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. கூட்டக் கூட்டத் திரும்பும் அலையும் கூடும். கிராஸ்ஓவரை 100க்கு ஏற்றிவிட்டால் அந்த இடத்தை மூலைச் சப் பார்த்துக்கொள்ளும். இடைவெளி 60 செ.மீ. என்றால் குழி 143க்குப் போய்விடும், அப்போது கிராஸ்ஓவர் உதவாது, டவரைத்தான் நகர்த்த வேண்டும்.

அளவுகோல்:
இருவரும் டவரிலேயே நிற்கிறீர்கள். கேள்வி கேட்டவருக்குக் குரல் மெலிகிறது. வசனம் வருவது சென்டரில். அங்கே இரண்டு தவறு தெரிகிறது.

சப்பின் திருகு 80இல் இருக்கிறது. ஏவிஆர் ஏற்கெனவே வெட்டி அனுப்புவதைச் சப் இன்னொரு முறை வெட்டுகிறது. 80இல் 6 டெசிபெல் குறைய வேண்டியது 9, 12 என்று குறையும், ஃபேஸும் (அலைகள் ஏறி இறங்கும் நேரப் பொருத்தம்) திரும்பிவிடும். சரவுண்டின் 80 முதல் 120 வரை உள்ள பேஸும் இப்படியே வழியில் தொலைகிறது. திருகைக் கடைசி வரை திருப்புங்கள். "எல்எஃப்இ" என்ற நுழைவு இருந்தால் ஒயரை அதில் மாட்டுங்கள். ஏவிஆரில் "எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ" என்று இருப்பதைக் கிராஸ்ஓவர் என்று நினைத்து 80க்கு இறக்காதீர்கள். அது சினிமாவின் தனிப் பேஸ் சேனலுக்கானது, 120இலேயே இருக்கட்டும்.

அடுத்து, 5.25 அங்குல சென்டருக்கு 60 அதிகச் சுமை. 80 அல்லது 90. ஆடிஸி (மைக்கால் அளந்து ஒலியைத் திருத்தும் வசதி) உள்ள ஏவிஆர் என்றால் அது கண்டுபிடித்த எண்ணுக்கு மேலே ஏற்றலாம், கீழே இறக்காதீர்கள். ஸ்பீக்கர் விழ ஆரம்பிக்கும் இடத்துக்குக் கீழே அது திருத்தம் செய்வதில்லை. ஏற்றிய பிறகு மறுபடி அளக்கத் தேவையில்லை. ஆனால் சப்பின் திருகைத் தொட்டால் மறுபடி அளந்தே ஆக வேண்டும். அளந்த பின் சப் லெவல் -12 என்று காட்டினால் அது எல்லையில் முட்டி நிற்கிறது. சப்பின் வால்யூமைக் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள்.

உறுமலுக்குக் காரணம் அறை. 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 10 அடிக்கு 56. மூன்று மோடும் அடுத்தடுத்து நிற்கின்றன, கனத்த சுவர் எதையும் வெளியே விடாது. சப் மூலையில் இருந்தால் அங்கிருந்து முன்சுவரின் நடுப்பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

நாற்பதாம்படி:
சப்பின் தூரத்தை டேப் வைத்து அளந்து போட்டாலே ஃபேஸ் சரியாகிவிடுமே?

அளவுகோல்:
ஆகாது. சப்புக்குள் இருக்கும் மின்சுற்றும் தாமதம் சேர்க்கும். டேப்பில் 3 மீட்டர் இருப்பதை ஏவிஆர் 4.5 என்று காட்டினால் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் காட்டுகிறது, அதைத் திருத்தாதீர்கள். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர். தூரக் கணக்கில் 2.1 மீட்டர் பிசகினால் சென்டரும் சப்பும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

சோதிக்கும் முறை: யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில், கூரையைப் பார்த்து, 90 டிகிரி திருத்தக் கோப்போடு வையுங்கள். ஆர்இடபிள்யூ மென்பொருளில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மூன்று ஸ்வீப் (அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் சோதனை ஒலி): சென்டர் மட்டும், சப் மட்டும், இரண்டும் சேர்ந்து. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மூன்றாவது கோடு 6 டெசிபெல் வரை மேலே நிற்க வேண்டும். கீழே விழுந்தால் ஃபேஸ் மோதுகிறது. சப் தூரத்தை 30 செ.மீ. படிகளில் மாற்றி அது அதிகம் உயரும் இடத்தில் நிறுத்துங்கள். மைக் இல்லையா, 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ஃபோன் ஆப்பில் பாருங்கள்; எண் தவறாக இருந்தாலும் ஏற்ற இறக்கத்தைச் சரியாகவே காட்டும்.

கோன்கணக்கு:
சரவுண்ட் 120இலேயே இருக்கட்டும். 4 அங்குலம் அதற்குக் கீழே திணறும்.

நாற்பதாம்படி:
120இல் சப் இருக்கும் திசை காதுக்குத் தெரியும், பின்னால் வர வேண்டியது முன்னால் இழுக்கும். 100 வைத்தால் கொஞ்சம் தேவலை.

அளவுகோல்:
ஆடிஸி 120 என்று கண்டுபிடித்திருந்தால் 100க்கு இறக்குவதில் லாபமில்லை. திசை தெரிவதற்குப் பாதி காரணம் சப்பின் போர்ட் இரைச்சலும் ஜன்னல் கம்பி அதிர்வும். அதை முதலில் அடக்குங்கள்.

நாற்பதாம்படி:
சரி, 40ஐ விடுகிறேன். ஆனால் டவருக்கு 60 என்பதை விடமாட்டேன்.

அளவுகோல்:
விட வேண்டாம் சார். சப் தூரம் ஒன்றுதான், சென்டருக்குப் பொருந்தியது டவருக்குப் பொருந்தாமலும் போகலாம். அதனால் தூரத்தை முடிவு செய்த பிறகு இடது டவரையும் சப்பையும் சேர்த்து 60இல் ஒரு ஸ்வீப், 80இல் ஒரு ஸ்வீப். 40 முதல் 120 வரை எந்தக் கோட்டில் குழி ஆழம் குறைவோ அதை வைக்கலாம். மணல்வீடு, இரண்டு படத்தையும் போடுங்கள், சோஃபாவின் மூன்று இருக்கைக்கும் தனித்தனியாக.