மாவு தீர்ந்த நாள்ல ராத்திரிக்கு என்ன?

புதன்கிழமை_அடுப்பு கேட்டது:

ஞாயிற்றுக்கிழமை அரைக்கிற இட்லி மாவு செவ்வாய் ராத்திரியோட வழிச்சாச்சு. புதன், வியாழன் ரெண்டு நாளும் சப்பாத்தி, இல்லேன்னா ரவை உப்புமா. ரெண்டையும் பார்த்தாலே வீட்ல தட்டு நகர மாட்டேங்குது.

நிலவரம் இதுதான்: நாலு பேர். அதுல ஒரு பெரியவருக்குப் பல் கிடையாது, குழந்தைகள் ரெண்டும் மிளகு கடிபட்டா துப்பிடும். ஏழேகாலுக்கு அடுப்பைப் பத்த வச்சா எட்டரைக்குள்ள தட்டு போடணும். கடை மாவு வேண்டாம், புளிச்சுப் போயிருக்கு. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் முன்வேலை பார்க்க முடியும். அளவோட சொன்னா உதவியா இருக்கும். "தேவையான அளவு தண்ணீர்"னு மட்டும் எழுதிடாதீங்க, அங்கதான் எல்லாம் கெட்டுப் போகுது.

---

வெண்கலப்பானை:

அரிசி உப்புமா. ரவை உப்புமா பிடிக்காதவங்களும் சாப்பிடுவாங்க, ரெண்டுக்கும் பேர்ல மட்டும்தான் சொந்தம். முன்வேலை முழுக்க ஞாயிற்றுக்கிழமையே முடிஞ்சிடும்.

டம்ளர்னு நான் சொல்றது 200 மி.லி. பிடிக்கிறது.

ரவை உடைக்க: பச்சரிசி 4 டம்ளர் (ரெண்டு வேளைக்கு வரும்). ரெண்டு தண்ணி கழுவி, வடிச்சு, வேட்டித் துணியில நிழல்ல பரப்புங்க. முக்கால் மணி நேரம் போதும். கையில எடுத்தா ஒட்டக் கூடாது, ஆனா உள்ளங்கையில லேசா ஈரம் தெரியணும். அந்தப் பதத்துல மிக்ஸியில கொஞ்சம் கொஞ்சமா போட்டு விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரேயடியா ஓட்டினா பாதி மாவாப் போயிடும். ஒரு அரிசி மூணு நாலா உடைஞ்சா போதும்.

அடுத்தது சலிக்கிறது. நிறைய பேர் இதை விட்டுடுறாங்க, அப்புறம் உப்புமா களியாயிடுச்சுன்னு தண்ணி மேல பழி. ரவையோட கலந்து கிடக்கிற மாவுதான் கொதி தண்ணியில விழுந்ததும் கஞ்சியாகி ரவையைச் சுத்தி ஒட்டிக்குது. அதுக்கு மேல தண்ணி உள்ள போகாது. வெளியே குழைவு, உள்ளே நறுக்கு. மாவு ஜல்லடையில சலிச்சு, கீழே விழுற மாவைத் தனியா எடுத்து வைங்க, கொட்டிடாதீங்க.

துவரம்பருப்பு அரை டம்ளர், மிளகு 2 டீஸ்பூன், சீரகம் 2 டீஸ்பூன். இதை அரிசியோட சேர்க்காம தனியா உடைச்சு ரவையில கலக்கணும். பருப்பு ரவை மாதிரி இருக்கணும், மிளகு நல்லாப் பொடியணும். குழந்தைகளுக்குக் கடிபடாது, வாசனை மட்டும் இருக்கும்.

மறுநாளைக்கு மேல வைக்கணும்னா வெறும் வாணலியில சின்னத் தீயில, ஆவி வர்றது நிக்கிற வரைக்கும் வறுத்து, நல்லா ஆறின பிறகு டப்பாவில போடுங்க. 15 நாள் தாராளமா இருக்கும். ஈரத்தோட மூடினா மூணாம் நாளே முக்கல் வாடை.

செய்முறை, நாலு பேருக்கு: ரவை 2 டம்ளர், தண்ணி 5 டம்ளர். அரிசியை அளக்காதீங்க, உடைச்ச ரவையை அளங்க. அடிகனமான பாத்திரத்துல தேங்காயெண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு ஒவ்வொரு டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 4, பெருங்காயம், கறிவேப்பிலை ரெண்டு ஆர்க்கு. தாளிச்சதும் தண்ணி, உப்பு. தண்ணியை நாக்குல வச்சா ஒரு துளி கரிக்கணும், ரவை அதை இழுத்துக்கும். தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது தேங்காய்த் துருவல் அரை மூடி போட்டு, ரவையை இடது கையால தூவிக்கிட்டே வலது கையால கிளறுங்க. ரெண்டு நிமிஷத்துல கெட்டியாகும். அப்போ தீயை அடியோட குறைச்சு, மூடி போட்டு 15 நிமிஷம். நடுவுல ஒரே ஒரு தடவை அடியிலிருந்து புரட்டினா போதும்.

அடியில பொன்னிறமா ஒரு காந்தல் பிடிச்சிருக்கும். அதுக்குத்தான் வீட்ல சண்டை வரும்.

தொட்டுக்க கத்திரிக்காய் கொத்சு. கத்திரிக்காய் கால் கிலோ, சின்ன வெங்காயம் 12, தக்காளி 1, பச்சை மிளகாய் 3, பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள், ஒன்றரை டம்ளர் தண்ணி. குக்கர்ல 3 விசில். மத்தால ரெண்டு கடை கடைஞ்சு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்சு ஊத்தி, உப்புப் போட்டு 5 நிமிஷம் கொதிக்க விட்டு, நல்லெண்ணெயில கடுகு, பெருங்காயம் தாளிச்சாச்சு. உப்புமா ஆகுற நேரத்துக்குள்ள பக்கத்து அடுப்புல இதுவும் முடிஞ்சிடும்.

---

கொங்கு_சமையல்:

உப்புமா சரிங்க, ஆனா பல் இல்லாதவருக்கு அரிசி ரவை சிரமம். அவருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்துல முடியணும்னா அரிசிம்பருப்புச் சாதம் வைங்க. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் மாவு இல்லாத ராத்திரின்னா இதுதான். சாம்பார் சாதம் வேற, இது வேறங்க. புளி கிடையாது, சாம்பார்ப் பொடி கிடையாது.

அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், தண்ணி 6 டம்ளர். பெரியவருக்குக் குழைவா வேணும்னா 7. சின்ன வெங்காயம் 20, பூண்டு 8 பல், தக்காளி ஒண்ணே ஒண்ணு, காய்ந்த மிளகாய் 4, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். சீரகம் 1 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன் ரெண்டையும் இடிச்சுக்குங்க. வெங்காயத்தை நறுக்க வேண்டாம், பெருசா இருந்தா ரெண்டாக் கீறினாப் போதும், வெந்து தானாக் கரையும்.

குக்கர்லயே எண்ணெய் 2 மேசைக்கரண்டி விட்டு கடுகு, மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு, தக்காளின்னு வரிசையா வதக்கி, இடிச்சதையும் மஞ்சளையும் போட்டு, தண்ணி, உப்பு ஊத்தி, கொதி வந்ததும் அரிசி பருப்பு. மிதமான தீயில 4 விசில். பிரஷர் தானா அடங்கினதும் திறந்து நெய் ஒரு கரண்டி, கொத்தமல்லித் தழை. தொட்டுக்கத் தயிரும் அப்பளமும்.

இதுல கெட்டுப் போறது ஒரே இடம்தான்: அரிசி குழைஞ்சிருக்கும், பருப்பு முழிச்சுக்கிட்டு நிக்கும். காரணம் ரெண்டு. போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி இருந்தா பருப்பு சீக்கிரம் மெத்துன்னு வேகாது. தக்காளிப் புளிப்பு கூடினாலும் அதே கதை. அதனால வீட்டுக்குள்ள வந்ததும் முதல் வேலையா பருப்பை மட்டும் சுடுதண்ணியில 20 நிமிஷம் போட்டுடுங்க, மூணு தக்காளி போட்டு "ருசி" கூட்டாதீங்க. சமைக்கிறதுக்கு ஆர்.ஓ. தண்ணி இருந்தா அதையே ஊத்துங்க.

மேல வெண்கலப்பானை சொன்ன தேங்காயெண்ணெய் தாளிப்பை இதுலயும் செய்யலாங்க. கடலெண்ணெய்ல செஞ்சா இது வேற சாப்பாடு.

---

புதன்கிழமை_அடுப்பு:

ரெண்டும் செஞ்சாச்சு, நன்றி. அரிசிம்பருப்பு சட்டி காலி. உப்புமாவுல சந்தேகம்: சலிச்சேன், அளவும் அதேதான். ஆனா மேல் பக்கம் நறுக்குன்னு நிக்குது, அடிப்பக்கம் வெந்திருக்கு. தண்ணி பத்தலையா?

---

வெண்கலப்பானை:

தண்ணி போதும். ஆவி தப்பிச்சுப் போயிருக்கு. அரிசி உப்புமாவுல பாதி வேக்காடு தண்ணியில, மீதி ஆவியில. மூடி சரியா உட்காரலேன்னாலும், வாய் அகலமான கடாயில செஞ்சாலும் மேல்பக்கம் காய்ஞ்சுதான் போகும். வாய் குறுகின பாத்திரமா எடுங்க. மூடி ஆடினா தட்டு வச்சு அது மேல ஒரு சொம்புத் தண்ணியை ஏத்துங்க.

கெட்டதை மீட்க: கால் டம்ளர் கொதிக்கிற தண்ணியை மேலாகத் தெளிச்சு, மேல்பக்கத்தைக் கீழே போற மாதிரி ஒரு புரட்டு புரட்டி, மூடி, அடியில தோசைக்கல்லை வச்சு சின்னத் தீயில 6 நிமிஷம். பச்சைத் தண்ணி தெளிச்சா சூடு இறங்கிடும், மறுபடி வேக நேரம் பிடிக்கும்.

குக்கர்ல வைக்கணும்னா 2 டம்ளர் ரவைக்குத் தண்ணி 4 டம்ளர் போதும், ஆனா நேரா குக்கர்ல போடாதீங்க. வாணலியில கிளறிக் கெட்டியானதும் உள் பாத்திரத்துக்கு மாத்தி மூடி 3 விசில். காந்தல் கிடைக்காது, அவ்வளவுதான்.

---

அடைக்கல்லு:

அடையை யாரும் சொல்லலையே. "ஊறப் போட நேரமில்லை"ன்னுதான் எல்லாரும் விட்டுடுறாங்க. காலையில ஊறப் போட்டுட்டுப் போகலாம், ஆனா ஃபிரிட்ஜுக்குள்ள. வெளியில பத்து மணி நேரம் ஊறினா வெயில் காலத்துல தண்ணி நுரைச்சு அடை புளிச்சிடும்.

நாலு பேருக்கு: இட்லி அரிசி ஒன்றரை டம்ளர், கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி. அரிசி ஒரு பாத்திரம், பருப்பெல்லாம் ஒரு பாத்திரம். காய்ந்த மிளகாய் 6, இஞ்சி ஒரு துண்டு, பெருங்காயம், உப்பு முதல்ல மிக்ஸியில போகணும். அது மையானதும் அரிசி, கொரகொரப்பா. கடைசியில பருப்பு, நாலு சுற்று. எல்லாத்துக்கும் சேர்த்து முக்கால் டம்ளர் தண்ணிக்கு மேல வேண்டாம். கரண்டியைச் சாய்ச்சா மாவு பொத்துன்னு விழணும், ஒழுகக் கூடாது.

அடை ஆறினதும் பலகை மாதிரி ஆகுதுன்னா பச்சரிசி மட்டும் போட்டிருப்பீங்க, இல்லேன்னா உளுந்தை விட்டிருப்பீங்க. வாயில போட்டா ரொம்ப வறட்சியா இருந்தா கடலைப்பருப்பு அதிகம். நைசா அரைச்சுட்டா அது அடையே இல்ல, தடித்த தோசை.

கல் மிதமான சூடு. மாவைக் கையாலயோ கரண்டியாலயோ தட்டி நடுவுல ஓட்டை போட்டு, ஓட்டையிலயும் சுத்தியும் நல்லெண்ணெய். ஓட்டை அழகுக்கு இல்ல. தடிமனா இருக்கிற நடுப்பக்கம் வேக அதுதான் வழி. ஒரு பக்கம் 3 நிமிஷம், மறுபக்கம் 2. முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி மாவுல கலந்தா தனியா காய் செய்யவே வேண்டாம். பெரியவருக்குத் தனியா சின்னதா, தடிமனா ஊத்தி மூடி போட்டு வேக வைங்க, மொறுமொறுப்பு வராம மெத்துன்னு இருக்கும். தொட்டுக்க வெல்லம், வெண்ணெய். அவியலெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

அப்புறம், கோதுமை தோசையும் பத்து நிமிஷ வேலைதான். கோதுமை மாவு 2 டம்ளர், அரிசி மாவு அரை டம்ளர், புளிச்ச மோர். ரவா தோசை மாதிரி நீர்க்கக் கரைச்சு வெளிவட்டத்துலயிருந்து உள்ளே ஊத்தணும். கரண்டியால தேய்ச்சா மாவு சுருண்டு கரண்டியோட வந்துடும்.

---

மோர்மிளகாய்:

ரவை சலிச்சப்போ விழுந்த மாவு எங்கே? அதுதான் வியாழக்கிழமை சாப்பாடு: மோர்க்கூழ். சில வீட்ல மோர்க்களின்னு சொல்வாங்க. அடுப்புல 15 நிமிஷம், மெல்லவே வேண்டாம், பல் இல்லாதவருக்கு இதைவிட நல்லது கிடையாது.

மாவு 2 டம்ளர், நல்லாப் புளிச்ச தயிர் 1 டம்ளர், தண்ணி 3 டம்ளர். தயிரைக் கடைஞ்சு தண்ணி கலந்து, மாவைக் கட்டியில்லாம பச்சையா இருக்கும்போதே கரைச்சிடணும். சூட்டுல மாவைத் தூவினா கட்டி தட்டும், அப்புறம் மத்து வச்சாலும் உடையாது. உப்பு குறைச்சுப் போடுங்க, மோர் மிளகாயிலயே உப்பு இருக்கு.

நல்லெண்ணெய் 5 மேசைக்கரண்டி, கைகூசாம விடுங்க. மோர் மிளகாய் 5, கிட்டத்தட்டக் கருக்கற வரைக்கும் வறுபடணும். கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. கரைச்சதை ஊத்திச் சின்னத் தீயில கை விடாம கிளறுங்க. முதல்ல பால் மாதிரி, அப்புறம் பசை மாதிரி, அதுக்கப்புறம் எண்ணெய் பிரிஞ்சு பாத்திரத்தை விட்டு உருண்டு வரும். பசைக் கட்டத்துல இறக்கிட்டாத்தான் பச்சை மாவு வாடை அடிக்கும். விரலை நனைச்சுத் தொட்டுப் பாருங்க, ஒட்டலேன்னா வெந்தாச்சு.

தயிர் புளிக்கலேன்னா வேற ஏதாவது செய்யுங்க. புளிக்காத தயிர்ல இது வெறும் மாவுக் களி.

---

புதன்கிழமை_அடுப்பு:

4 டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் மாவுதான் விழுந்திருக்கு. மீதிக்குக் கடையில வாங்கின இடியாப்ப மாவு சேர்க்கலாமா?

---

மோர்மிளகாய்:

சேர்க்கலாம், ஆனா அது வறுத்த மாவு, தண்ணி அதிகம் இழுக்கும். இடியாப்ப மாவு ஒவ்வொரு டம்ளருக்கும் கால் டம்ளர் தண்ணி கூட்டி, கரைச்சு 10 நிமிஷம் வச்சிருந்து அப்புறம் அடுப்புல ஏத்துங்க. புட்டு மாவு மட்டும் வேண்டாம், குருணை நிக்கும். மீந்தா எண்ணெய் தடவின தட்டுல கொட்டித் தட்டி வைங்க, காலையில வில்லை போட்டுத் தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் சிவக்க விட்டா குழந்தைகள் டப்பாவுக்கு ஆச்சு.