எல்இடி மாஸ்க்: பரு குறைந்தது, பழைய அடையாளம் கறுக்கிறது. நிறுத்தவா, தொடரவா?

தூக்கணாங்குருவி:
வணக்கம். ஏழு நிறம் வரும் எல்இடி மாஸ்க் ஒன்று எனக்குப் பரிசாக வந்தது. கூட இருந்த தாளில் எந்த நிறம் எதற்கு என்று ஒவ்வொரு வரி, அவ்வளவுதான். தாடையில் அடிக்கடி பரு வரும் என்பதால் நீலத்தை வைத்து தினமும் ராத்திரி அரை மணி நேரம் போடுகிறேன், சில நாள் போட்டபடியே தூங்கியும் போயிருக்கிறேன். 3 வாரம் ஆகிறது. சிவந்து வீங்குகிற பரு நிஜமாகவே குறைந்திருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மூக்கில் உள்ள கரும்புள்ளி அப்படியே இருக்கிறது, கன்னத்தில் பழைய பரு விட்டுப்போன அடையாளங்கள் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகின்றன. நான் மாநிறம். வீட்டில் கேட்டால் எல்லாம் உன் பிரமை என்கிறார்கள். காலையில் கண்ணும் உறுத்துகிறது. நிறுத்திவிடலாமா, இல்லை நிறத்தை மாற்றிப் பார்க்கலாமா?

அரைகுறை ஆராய்ச்சி:
பிரமையாக இருக்காது என்றே நினைக்கிறேன். பருவுக்கு வைக்கும் நீலத்தின் அலைநீளம் பெரும்பாலும் 415 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும். பருவில் இருக்கும் பாக்டீரியா போர்பிரின் என்று ஒரு பொருளை உண்டாக்கி வைத்திருக்கும், அது இந்த நீலத்தை உறிஞ்சியதும் வீரியமான ஆக்சிஜன் வெளிப்பட்டு பாக்டீரியாவையே கொல்லும். அதனால்தான் சிவந்த பரு அடங்குகிறது. கரும்புள்ளி என்பது துளையை அடைத்துக்கொண்ட எண்ணெயும் செத்த தோலும், பாக்டீரியாவைக் கொன்றாலும் அந்த அடைப்பு போகாது, எத்தனை மணி நேரம் வெளிச்சம் அடித்தாலும் அசையாது.

அடையாளம் கறுப்பது வேறு கதை. நிறமி உண்டாக்கும் செல்களில் நீல ஒளியை உணரும் ஆப்சின்-3 என்ற புரதம் இருக்கிறது, அது தூண்டப்பட்டால் மெலனின் கூடும். வெளுத்த தோலில் இது பெரிதாகத் தெரியாது, நம் மாதிரி மாநிறத்திலும் கறுப்பிலும்தான் கறை பல நாள் நிற்கும். மங்கு உள்ளவர்கள் நீலத்தின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. மஞ்சள், பச்சை, ஊதா என்று மிச்ச நிறங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆதாரம் கிடையாது, பெட்டி பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே.

நிலாச்சோறு:
நான் 5 மாதமாகச் சிவப்பும் அகச்சிவப்பும் மட்டும் போடுகிறேன், வாரம் 4 நாள், 10 நிமிடம். 630 முதல் 660 நானோமீட்டர் வரை சிவப்பு, 830 பக்கம் அகச்சிவப்பு. முதல் 2 மாதம் ஒரு மண்ணும் தெரியவில்லை, தூக்கிப் பரணில் போடலாம் என்றே இருந்தேன். மூன்றாவது மாதத்தில் கண்ணோரக் கோடு கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்தது, கன்னச் சிவப்பும் சீக்கிரம் அடங்குகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பள்ளம் விழுந்த தழும்பு இம்மியும் மாறவில்லை.

நீங்கள் செய்கிற பெரிய தப்பு நேரம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் தரும் மாஸ்க்கை 10 நிமிடம் போட்டால் அந்த இடத்தில் 18 ஜூல் ஒளி ஆற்றல் சேரும், அரை மணி என்றால் 54. சிவப்பு ஒளியில் ஓர் அளவுக்கு மேல் போனால் பலன் கூடாது, குறையவே செய்யும் என்கிறார்கள். தூங்கிப்போன நாளெல்லாம் எவ்வளவு ஏறியதோ! அப்புறம், கழுவித் துடைத்த வெறும் முகத்தில் போடுங்கள், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீம் தடவுவதாக இருந்தால் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு.

இரவுப்பணி:
நான் நர்ஸ். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தால், முதல் வேலையாகக் கண்ணை மூடிக் கட்டிவிடுவோம். நீங்கள் கண்ணிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில் அதே நிற விளக்கை வைத்துக்கொண்டு தூங்குகிறீர்கள். இமை மூடினால் போதாது, ஒளி உள்ளே போகும். 2019-இல் ஒரு பெரிய நிறுவனம் பரு மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதே கண் பயத்தால்தான்: ஏற்கெனவே சில வகைக் கண் நோய் இருப்பவர்களுக்கும், ஒளி பட்டால் கண்ணைப் பாதிக்கச் செய்யும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கெடுதல் வரலாம் என்று. கண் உறுத்தல் நிற்கிற வரை மாஸ்க்கைத் தொடாதீர்கள், நின்றாலும் ஒளி புகாத கண் மூடி இல்லாமல் வேண்டாம்.

ஒரு கேள்வி. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

தூக்கணாங்குருவி:
ஐயோ, அதைச் சொல்லவே மறந்துவிட்டேன். தோல் டாக்டர் பருவுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்திருக்கிறார், கூடவே ராத்திரி அடாபலீன் ஜெல். ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும்.

வெட்டிப்பேச்சு:
அடடே! மாத்திரையும் ஜெல்லும் மாடாய் உழைக்க, மாஸ்க் பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு மாதத்தில் பருவின் வீக்கம் வற்றத் தொடங்குவது அந்த மருந்துகளுக்குச் சாதாரணம். மூன்றையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கே தெரியாது.

"எஃப்டிஏ கிளியர்டு", அதாவது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். முன்பே விற்பனைக்கு அனுமதி பெற்ற ஒரு கருவிக்கு இது ஈடானது என்று காட்டியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள், உங்கள் பரு போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரவுப்பணி:
கிண்டல் இருக்கட்டும். டாக்ஸிசைக்ளின் தோலை ஒளிக்குக் கூச வைக்கிற மருந்து. முக்கியமாக வெயிலின் புற ஊதாக் கதிரில்தான் அது தெரியும், மாஸ்க்கின் நீலம் புற ஊதா இல்லைதான், ஆனால் அதற்குப் பக்கத்து வீடு. கறுத்ததற்கு மாஸ்க் காரணமா, பகல் வெயிலா, இரண்டுமா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாஸ்க்கை நிறுத்திவிட்டு டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், கண் உறுத்தலையும்.

அரைகுறை ஆராய்ச்சி:
சன்ஸ்கிரீன் போடுகிறீர்களா? நிறம் கலந்த வகை வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் தடுக்கும், நிறமில்லாத சன்ஸ்கிரீன் அந்த விஷயத்தில் அவ்வளவு உதவாது.

தூக்கணாங்குருவி:
இதுவரை வெயிலில் போகிற நாளில் மட்டும்தான் போட்டேன், அதுவும் நிறமில்லாதது. சரி, மாஸ்க் இன்றோடு பெட்டிக்குள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சிவப்பு போடலாம் என்று அவர் சொன்னால் நிலாச்சோறு கணக்குப்படி 10 நிமிடம், அலாரம் வைத்து.

நிலாச்சோறு:
அதற்கு முன் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாமல். நான் எடுக்காமல் விட்டேன், இப்போது கோடு மெலிந்ததா இல்லையா என்று என் தங்கையோடு தினமும் சண்டை.