நாடக நோட்டீஸ் பாணியில் வரவேற்பு அழைப்பிதழ்: எங்கே தவறுகிறேன்?

கேள்வி (கும்பகோணத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் தங்கைக்குத் திருமணம். முகூர்த்தப் பத்திரிகையைப் பெரியவர்கள் வழக்கப்படி அடித்துக்கொள்கிறார்கள். மாலை வரவேற்புக்கான அழைப்பிதழை மட்டும் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1950களில் அச்சான நாடக நோட்டீஸ்கள் சில கிடைத்தன. ரோஸ் நிறத் தாளில், வரிக்கு வரி எழுத்தின் அளவு மாறி, சுற்றிலும் பூ பார்டர் வைத்து அச்சிட்ட அந்த அழகைக் கொண்டுவர விரும்பிக் கணினியில் மூன்று மாதிரிகள் செய்தேன். பழுப்புக் கறை, கிழிந்த ஓரம் எல்லாம் சேர்த்தும் அவை வேடம் போட்டதுபோலவே இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1

முதலில் அந்தக் கறையையும் கிழிசலையும் எடுத்துவிடுங்கள். தாத்தா கையில் வாங்கிய அன்று அந்த நோட்டீஸ் புத்தம் புதிதாகத்தான் இருந்தது; கறை பின்னால் காலம் சேர்த்தது.

என் தந்தை அச்சுக்கோப்பவராக இருந்தார், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அச்சகத்தில் இருந்த ஈய எழுத்துகள் சில அளவுகளில் மட்டுமே கிடைத்தன, பெரிய தலைப்புகளுக்கு மர எழுத்துகளை வைத்தார்கள், இருக்கும் எழுத்தை இழுக்கவோ நசுக்கவோ யாராலும் முடியாது என்பதால், நாடகத்தின் பெயர் நீளமாக இருந்தால் சிறிய அளவுக்கு மாறினார்கள், குட்டையாக இருந்தால் இரு பக்கமும் பூவையோ கோட்டையோ வைத்து வரியை நிரப்பினார்கள். நீங்கள் ரசிக்கும் அழகு இந்தக் கட்டுப்பாட்டில் பிறந்தது. ஆகவே நான்கு அளவுகளை மட்டும் தேர்ந்துகொண்டு, எந்த எழுத்தையும் அகலப்படுத்தாமல் கோத்துப் பாருங்கள். நாடகத்தின் பெயர் இருந்த இடத்தில் மணமக்களின் பெயர்கள் வரட்டும். பெற்றோர் பெயர்கள் அதற்கு மேலே சிறிய எழுத்தில் அமையட்டும்.

பதில் 2

மேலே ஐயா சொன்னதோடு எழுத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, ளை, னை, ணை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற கொம்புடன் அச்சிட்டார்கள். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம் இருந்தது. நோட்டீஸ் 1950களைச் சேர்ந்தது என்றால், இன்றைய ‘லை’ அதில் பொருந்தாமல் உறுத்தும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே. வேறுபாடு எழுத்துருவில்தான் இருக்கிறது. பழைய வடிவம் கொண்ட எழுத்துரு கிடைக்காவிட்டால், நோட்டீஸிலிருந்தே பார்த்து வரைந்துகொள்ளலாம். ஆனால் ‘காலை’, ‘மாலை’ போன்ற நேரம் குறிக்கும் சொற்களுக்கு இன்றைய வடிவமே நல்லது என்பது என் கருத்து. வரவேற்பு நேரத்தை இளையவர்கள் தடுமாறாமல் படிக்க வேண்டும்.

பதில் 3

அச்சைப் பற்றி ஒரு சொல். தடித்த பருத்தித் தாளில் எழுத்து ஆழமாகப் பதிவது இக்கால விருப்பம். அழுத்தம் தாளின் பின்புறம் தெரிந்தால் பழைய அச்சுக்காரர்கள் அதைக் குறையாகவே கருதினார்கள். உங்கள் நோட்டீஸைத் திருப்பித் தடவிப் பாருங்கள். மெல்லிய வண்ணத் தாளில் சிவப்பு, கருநீலம் என இரண்டே மை போதும். ஈய எழுத்தைக் கோத்து அச்சடிக்கும் பழைய டிரெடில் இயந்திரம் அருகில் இல்லாவிட்டால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடியுங்கள். திருமணப் பத்திரிகை அடிக்கும் பல இடங்களில் அது உண்டு, மையும் அடர்த்தியாக விழும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நான்கு அளவுகளில் மறுபடியும் கோத்துப் பார்த்தேன். தங்கையின் பெயர் குட்டையானது என்பதால் இரு பக்கமும் பூ வைத்தேன். மாப்பிள்ளையின் பெயர் வரி முழுவதையும் எடுத்துக்கொண்டது. கறை இல்லாமலே தாத்தாவின் நோட்டீஸுக்கு உறவுபோல் தெரிகிறது. அதில் கொட்டகைக்கு வழி காட்டிய சுட்டுவிரல் சின்னத்தை, மண்டபத்துக்கு வழி சொல்லும் வரியின் முன் வைத்திருக்கிறேன்.