மின்வாரியம் பெயரில் வந்த குறுஞ்செய்தி: அப்பா ஏதோ ஒரு செயலியை ஏற்றிவிட்டார், உடனே உதவி தேவை

வைகைக்கரை (இரவு 7.52)
அனைவருக்கும் வணக்கம். ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு, பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும் என்று மின்வாரியத்திலிருந்து வந்ததுபோல ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அவர் அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, அவர்கள் சொன்னபடி ஏதோ ஒன்றைச் செல்பேசியில் ஏற்றிவிட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன். என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பனைநிழல் (7.57)
பணம் போயிற்றா இல்லையா என்பதையே நீங்கள் எழுதவில்லை. ஏற்றியது திரையைப் பகிரும் செயலியா, வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பா (ப்ளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாகச் செயலியை ஏற்றும் கோப்பு)? யூபிஐ பின்னை எங்காவது தட்டினாரா? எதுவானாலும் அந்தச் செல்பேசியை முதலில் விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றச் சொல்லுங்கள். இணையம் இருக்கும்வரை மறுமுனையில் இருப்பவன் செல்பேசியில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கக்கூடும்.

நான்காம்தெரு (8.01)
சிம்மில் சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இத்தகைய மோசடிகளில் பெரும்பாலானவை அதே எண்ணுக்குப் போலி சிம் எடுப்பதில்தான் முடிகின்றன. அப்போது நம் சிம்மில் சிக்னல் போய்விடும்.

கணினிக்காவலர் (8.06)
இந்த மோசடி 2022-லிருந்தே நாடு முழுவதும் நடந்துவருகிறது. இங்கேயே பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படித்திருக்கலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். கணக்கெடுப்பவர் வீட்டிலிருக்கும் மின்கணக்கு வெள்ளை அட்டையில் எழுதிய நாளிலிருந்து 20 நாள் அவகாசமும் உண்டு. 'சென்ற மாத பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒரு 10 இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால், அந்த ஒரு வரியே அதைப் பொய்யென்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதைக்கூட வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தராமல் செல்பேசியை மட்டும் வாங்கிக்கொடுத்தால் எப்படி?

பனைநிழல் (8.09)
ஐயா, பாடத்தைப் பிறகு நடத்தலாம். இருட்டில் உட்கார வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் எழுபது வயதுக்காரர் வெள்ளை அட்டையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

வைகைக்கரை (8.14)
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஏற்றியது ஏபிகே கோப்பு. 'விவரத்தைச் சரிசெய்ய 10 ரூபாய் கட்டுங்கள்' என்றார்களாம். அப்பா அதில் டெபிட் கார்டு எண்ணையும் பின்னையும் தட்டியிருக்கிறார். 6.20-க்கும் 6.31-க்கும் இரண்டு தவணையாக ரூ. 47,000 போயிருக்கிறது. சிம் வேலை செய்கிறது.

தாமிரபரணி (8.17)
சிம் வேலை செய்கிறது என்றால் போலி சிம்மாக இருக்க வாய்ப்பில்லை. அந்தக் கோப்பு நிறுவப்படும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும். அப்பா 'சரி' என்று அழுத்தியதும் வங்கி அனுப்பிய ஓடிபி தானாகவே அவர்களுக்குப் போயிருக்கும். இப்போதே பக்கத்து வீட்டுச் செல்பேசியிலிருந்து 1930-க்கு (இணையக் குற்றப் புகார் உதவி எண்) பேசச் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், கணக்கு எண் நான்கும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வழியிலேயே முடக்க முடியும். அதன்பின் வங்கியின் கார்டுக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணில் கார்டை முடக்குங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேட வேண்டாம். அங்கும் போலி எண்கள் இருக்கின்றன.

நான்காம்தெரு (8.21)
செல்பேசியை உடனே முழுவதுமாக அழித்துப் புதிதாக்கிவிடுங்கள். அதுதான் பாதுகாப்பு.

தாமிரபரணி (8.24)
வேண்டாம். செய்தி, அழைத்த எண், கோப்பின் பெயர் எல்லாம் புகாருக்கு வேண்டிய சான்றுகள். இன்னொரு செல்பேசியால் அவற்றைப் படமெடுத்து, புகார் பதிவானபின் அழியுங்கள். அதுவரை விமான நிலையிலேயே இருக்கட்டும். அந்தச் செயலி நீக்கவிடாமல் அடம்பிடித்தால், செல்பேசியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அதற்குத் தரப்பட்ட சாதன நிர்வாகி (டிவைஸ் அட்மின்) உரிமையை முதலில் பறிக்க வேண்டும்.

கணினிக்காவலர் (8.30)
பின் எண்ணை அப்பாவே கொடுத்துவிட்டதால் வங்கி ஒரு பைசாவும் தராது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை தெளிவாகவே இருக்கிறது: வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால் நட்டம் அவருடையது.

தாமிரபரணி (8.36)
சுற்றறிக்கையைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்பட்ட நட்டம்தான் அவருடையது. சொன்னபின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அது வங்கியின் தலையில்தான் வைக்கிறது. ஆகவே எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குவதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கணினிக்காவலர் (8.41)
போகலாம், ஆனால் ஏமாந்தவரே அனுமதித்த பரிவர்த்தனையில் பணம் திரும்புவது அரிது என்பதைச் சொல்லாமல் நம்பிக்கை ஊட்டுவது சரியல்ல.

பனைநிழல் (8.45)
அரிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒரு பைசாவும் தராது' என்று படித்துவிட்டு 1930-க்கே பேசாமல் விட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வைகைக்கரை, பேசினீர்களா?

நான்காம்தெரு (9.20)
பதில் காணோமே.

வைகைக்கரை (மறுநாள் காலை 10.05)
அனைவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அண்ணன் அப்பாவை அருகில் உட்காரவைத்து 1930-க்குப் பேசினார். புகார் எண் வந்துவிட்டது. இரண்டாவது தவணையான ரூ. 22,000 ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். மீதியைப் பற்றித் தகவல் இல்லை. கார்டை முடக்கியாயிற்று, வங்கியில் இன்று எழுதிக் கொடுக்கிறோம். அப்பா நேற்றிரவு சாப்பிடவில்லை. 9.30 மணி தாண்டியும் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் படுக்கப் போனாராம்.