கிண்டிலில் தமிழ் எழுத்து உடையுது, அவசரம்

நூல்வனம்22:
வணக்கம். நாவலோட ஈபப், அதாவது மின்நூல் ஃபைல், தயார். கம்ப்யூட்டரில் பார்த்தா எல்லாம் சரியா இருக்கு. கிண்டிலில் திறந்தா எழுத்து உடைஞ்சு வட்டம் வட்டமா வருது. இதே ஃபைலைத்தான் கூகுள் பிளே புக்ஸ்லயும் ஏத்தப் போறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. யாராவது உடனே சொல்லுங்க ப்ளீஸ்.

வரிவடிவம்:
எந்தக் கிண்டில்? போன் ஆப்பா, இ-இங்க் கருவியா, கிண்டில் ப்ரிவியூவரா? ஈபப் எதில் செஞ்சது: சிகில், கேலிபர் மாதிரி மின்நூல் செயலியிலா, இல்ல வேர்டிலிருந்து நேராவா? எல்லா வரியும் உடையுதா, சில இடம் மட்டுமா? ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டா பாதி வேலை முடிஞ்சுடும்.

மதுரைத்தட்டச்சு:
பழைய எழுத்துருப் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். பாமினியிலயோ வானவில்லிலயோ அடிச்ச பகுதி உள்ளே கலந்திருக்கும். அதில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தோட இடத்தில் உட்கார்ந்திருக்கு. எழுத்துரு கூடவே இருக்கிறவரை தமிழாத் தெரியும், ஈபப்பில் அது கழண்டதும் குட்டு வெளிப்படும். சந்தேகப்படுற பத்தியைக் காப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்க. ஆங்கில எழுத்தும் கண்டபடி குறிகளுமா வந்தா அதுதான். என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடா மாத்திட்டு, மாத்தினதை வரி வரியாப் படிச்சுப் பாருங்க. பழைய கோப்புகளில் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’ அடிச்சிருப்பாங்க, அது மாறாம அப்படியே வந்துடும்.

குமிழ்முனை:
எழுத்துருவை ஈபப்புக்குள் பொதிஞ்சிருக்கீங்களா? கேலிபரில் மாத்தியிருந்தா எழுத்துருவைச் சுருக்குற ‘சப்செட்’ டிக்கை எடுத்துட்டு மறுபடி மாத்திப் பாருங்க. கு, கூ, டி, டீ இதுக்கெல்லாம் யூனிகோடில் தனி எண் கிடையாது. எழுத்துருவுக்குள்ள இருக்கிற பதிலி அட்டவணைதான் அந்த வடிவத்தை எடுத்துக் கொடுக்குது. சுருக்கும்போது அந்த அட்டவணை அடிபட்டா ‘க’ ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம்னு நிக்கும்.

நூல்வனம்22:
சிகில். நோட்டோ செரிஃப் தமிழ் உள்ளேயே வச்சிருக்கேன். யூனிகோடுதான், பாமினி இல்ல. கேலிபர் பயன்படுத்தல.

எழுத்தாணி:
இதே கேள்வி மாசா மாசம் வருது, பழைய இழைகளைத் தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. அடிப்படை தெரியாம ஈபப் செய்ய இறங்கினா இப்படித்தான் ஆகும். முதலில் ஈபப்புக்குள்ள நூல் விவரம் இருக்கிற ஓபிஎஃப் கோப்பைத் திறங்க. மொழிக்கான வரியில் ‘இ என்’ இருக்கும், ஏன்னா டெம்ப்ளேட் எல்லாமே ஆங்கிலத்துக்குச் செஞ்சது. அதை ‘டி ஏ’ ஆக்குங்க. ஒவ்வொரு அத்தியாயக் கோப்பிலும் மேலே இருக்கிற ஹெச்டிஎம்எல் டேகில் லாங், எக்ஸ்எம்எல் லாங் ரெண்டையும் அப்படியே மாத்துங்க. கேடிபியில், அதாவது அமேசானோட சுயபதிப்புத் தளத்தில், நூல் விவரம் நிரப்பும்போதும் மொழி தமிழ்னு தேர்ந்தெடுக்கணும். இந்த மூணும் ஒத்துப்போகலைன்னா கருவி எந்த எழுத்துருவை எடுக்கும், எந்த அகராதியைத் திறக்கும்னு சொல்லவே முடியாது. செஞ்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

மதுரைத்தட்டச்சு:
கிண்டிலுக்குன்னா அதோட பழைய வடிவமான மோபியா மாத்தி ஏத்திடலாமே? அதில் இந்தத் தொல்லை வராது.

வரிவடிவம்:
@மதுரைத்தட்டச்சு அண்ணா, ரீஃப்ளோ நூலுக்கு (திரைக்கேத்தபடி வரி மாறுறது) மோபியை 2021 ஆகஸ்ட் 1 முதல் கேடிபி வாங்குறதில்லை. ஈபப், டாக்ஸ், கிண்டில் கிரியேட்டில் செய்யற கேபிஎஃப் இதில் ஒண்ணைக் கொடுக்கலாம்.

@எழுத்தாணி நீங்க சொன்ன மொழிக்குறி திருத்தம் கட்டாயம் செய்யவேண்டியது. ஆனா வட்டம் வர்றதுக்கு அது காரணமில்லை. எழுத்துருவே கிடைக்கலைன்னா கட்டம் கட்டமா வரும். புள்ளிகளால் ஆன வட்டம் வந்தா, உயிர்க்குறி ஒட்டிக்க மெய்யெழுத்து இல்லாம அனாதையா நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் வேற வேற நோய்.

@நூல்வனம்22 நான் முதல்ல கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே. எந்த இடத்தில் உடையுது? ‘கம்ப்யூட்டரில் சரி’ன்னா எதில் திறந்து பார்த்தீங்க?

நூல்வனம்22:
வேர்டு ஃபைலில் பார்த்தேன். கிண்டில் ப்ரிவியூவர், பேப்பர்வைட் ரெண்டிலயும் உடையுது. அத்தியாயத்தோட முதல் எழுத்து மட்டும். அதுவும் எல்லா அத்தியாயத்திலும் இல்லை.

வரிவடிவம்:
உடையுற அத்தியாயங்கள் எந்த எழுத்தில் தொடங்குது?

நூல்வனம்22:
கோ, சொ, மெ, வி. அ, ந, ம-வில் தொடங்குறது எல்லாம் நல்லா இருக்கு. முதல் எழுத்தைப் பெரிசா சிவப்பில் வச்சிருக்கேன். டெம்ப்ளேட்டோட வந்த ஃபைண்ட் ரிப்ளேஸ் அது.

வரிவடிவம்:
பிடிச்சாச்சு. அந்த ரிப்ளேஸ்தான்.

ஆங்கில நூலுக்கு எழுதின தேடல் அது. பத்தியோட முதல் எழுத்தைப் பிடிக்க அடைப்புக்குறிக்குள் ஒரு புள்ளி வச்சிருப்பாங்க. ரீஜெக்ஸில், அதாவது எழுத்து வடிவமைப்பைச் சொல்லித் தேடுற முறையில், அந்தப் புள்ளி ஒரே ஒரு யூனிகோடு குறியைத்தான் பிடிக்கும். நம்ம கண்ணுக்கு ‘கோ’ ஒரு எழுத்து, ஃபைலுக்குள்ளே அது ‘க’, அதுக்குப் பின்னால் ஓகாரக் குறின்னு ரெண்டு. முதல் எழுத்தைப் பெரிசாக்குற ஸ்பான் டேக் ‘க’வை மட்டும் உள்ளே வச்சுப் பூட்டிடுச்சு, ஓகாரக் குறி வெளியே நின்னுடுச்சு. உள்ளே ஒரு அளவு, வெளியே ஒரு அளவுங்கறதால ரெண்டையும் சேர்த்து வரைய முடியாம ‘க’ பெரிசா சிவப்பா வந்து, பக்கத்தில் இரட்டைக்கொம்பும் காலும் நடுவில் வட்டத்தோட வருது. அ, ந, ம தனிக் குறிங்கறதால தப்பிச்சுடுச்சு.

ஈபப்பில் பிழை பார்க்கிற ஈபப்செக் கருவி இதைக் கண்டுபிடிக்காது. டேக் எல்லாம் இலக்கணப்படி சரியாத்தான் திறந்து மூடியிருக்கு. அதனால் பச்சை விளக்கைப் பார்த்துட்டு ஏத்திடாதீங்க.

சரிசெய்ய: முதலில் ஈபப்பை வேற பேரில் ஒரு நகல் எடுத்துக்கங்க. சிகிலில் கோட் வியூ, தேடல் முறை ரீஜெக்ஸ், எல்லா ஹெச்டிஎம்எல் கோப்புகளும். தேடவேண்டியது இந்த வரிசை: உங்க ஸ்பான் திறப்பு டேக், அடைப்புக்குள் ஒரு புள்ளி, ஸ்பான் மூடும் டேக், ரெண்டாவது அடைப்புக்குள் ஒரு சதுர அடைப்பு, அதுக்குள் துணைக்கால் குறியில் ஆரம்பிச்சு ஹைஃபன் போட்டு மெய்ப்புள்ளி வரை. உயிர்க்குறி எல்லாம் அந்த வீச்சுக்குள் வந்துடும். சதுர அடைப்பு முடிஞ்சதும் ஒரு கூட்டல் குறி. மாத்தவேண்டிய இடத்தில்: அதே ஸ்பான் திறப்பு, பின்சாய்கோடு 1, பின்சாய்கோடு 2, ஸ்பான் மூடல். வெளியே நின்ன குறி உள்ளே போயிடும். ‘எல்லாம் மாற்று’ அழுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு மூணை மட்டும் ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க.

அடுத்த நூலுக்குப் புள்ளிக்குப் பதிலா பின்சாய்கோடும் ஆங்கிலப் பெரிய எக்ஸும் போடுங்க. அது முழு எழுத்தைப் பிடிக்கும். சிகில், கேலிபர் எடிட்டர் ரெண்டும் இதைப் புரிஞ்சுக்கும். ஆனா ஸ்ரீ, க்ஷ இந்த ரெண்டும் அதிலயும் பாதியில் வெட்டுப்படும், மெய்ப்புள்ளியோட நின்னுடும். ‘ஸ்ரீரங்கம்’னு அத்தியாயம் தொடங்கினா கையால் திருத்தணும்.

எழுத்தாணி:
தொடக்க எழுத்தைப் பெரிசாக்குறதே தமிழுக்கு ஆகாத வேலை. ஆங்கிலத்தில் தொடக்க எழுத்து எப்பவும் கேபிடல், எல்லாத்துக்கும் ஒரே உயரம். இங்கே ‘வி’யோட சுழி மேலே ஏறும், ‘கூ’, ‘மு’ கீழே இறங்கும், ‘கோ’ அகலத்தில் மூணு பங்கு இடம் பிடிக்கும். எந்த அளவு வச்சாலும் ஏதோ ஒரு அத்தியாயத்தில் அடுத்த வரியோட மோதும். முதல் சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டுட்டுப் போங்க.

குமிழ்முனை:
அப்படி ஒரேயடியா ஒதுக்கவேண்டாம். முதல் எழுத்தைத் தாங்குற மிதவை ஸ்பானில் வரி உயரத்தைக் கொஞ்சம் தாராளமா விட்டு, அளவை எல்லாம் பிக்சலில் கொடுக்காம சதவீதத்தில் கொடுத்தா பெரும்பாலும் ஒழுங்கா உட்காரும். எழுத்து இடைவெளியை மட்டும் ஏத்தாதீங்க, அது தமிழைக் குலைச்சுடும். உடல் பத்திகளுக்கு நிறமோ எழுத்துருவோ கட்டாயப்படுத்தாதீங்க. கருப்புன்னு எழுதி வச்சா இரவுப் பின்னணியில் படிக்கிறவருக்குக் கருப்பு மேல கருப்புதான் கிடைக்கும்.

கோதை_மின்நூல்:
வேற ஒண்ணு கண்ணில் பட்டது. கிண்டில், கூகுள் ரெண்டிலும் போடுறேன்னு சொல்றீங்களே, கேடிபி செலக்ட்டில் (மின்வடிவத்தை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கிற திட்டம்) டிக் போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா 90 நாளைக்கு மின்வடிவம் வேற எங்கயும் இருக்கக்கூடாது. தொடரா இணையத்தில் வந்து இன்னும் படிக்கக் கிடைச்சா அதுவும் மீறல்தான். அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது.

எழுத்தாணி:
தமிழுக்கு செலக்ட்டை விட்டா வேற வழியில்லை. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் ராயல்டி வேணும்னா செலக்ட்டில் இருந்தே ஆகணும். இல்லைன்னா 35தான். சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கிற பக்கத்துக்குக் கிடைக்கிற காசும் போயிடும்.

கோதை_மின்நூல்:
70 சதவீதத்தில் டெலிவரி கழிவு இருக்கிறதை எப்பவும் விட்டுடுறீங்க. இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய். வரியைத் தள்ளி வச்சுட்டுப் பார்ப்போம். 150 ரூபாய் நூல், 3 எம்பின்னா 21 ரூபாய் கழிஞ்சு 129-ல் 70 சதவீதம், 90 ரூபாய் 30 காசு. 35 சதவீதத்தில் கழிவு இல்லை, 52 ரூபாய் 50 காசு. படம் நிறைய வச்சு 12 எம்பி ஆச்சுன்னா 84 கழிஞ்சு 66-ல் 70 சதவீதம், 46 ரூபாய் 20 காசு. 35-ஐ விடக் குறைவு! சமையல் நூல், பயண நூல் போடுறவங்க இதைப் பார்க்காமலே 70-ஐ அழுத்திடுறாங்க.

எழுத்தாணி:
இவர் போடுறது நாவல். 12 எம்பி எங்கேருந்து வரும்?

கோதை_மின்நூல்:
வரைஞ்ச படத்தை அத்தியாயத்துக்கு ஒண்ணுன்னு சுருக்காம அப்படியே வச்சா வரும். தமிழ் எழுத்துருவைப் பொதிஞ்சா ஒரு எம்பிகூட ஏறாது, படம்தான் ஏத்தும். மாற்றத்துக்கு அப்புறம் என்ன அளவுங்கறதை விலை நிரப்புற பக்கத்திலேயே காட்டுவாங்க. அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன். வெளிநாட்டு வாசகர் அதிகம் உள்ள எழுத்தாளருக்கு கூகுள், ஆப்பிள், கோபோ மூணையும் மூடிட்டு ஒரே கடையில் நிக்கிறது சரியில்லை.

எழுத்தாணி:
முதல் நூலுக்கு வாசகர் எங்கே கூடுறாங்களோ அங்கே நிக்கணும். நாலு கடையில் போட்டா நாலு விதமாச் சோதிக்கணும். ஒரு கடைக்கே இந்தப் பாடு!

நெய்தல்கரை:
இடையில கேக்கிறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. கோபோ கருவியில எனக்கு முழுப் பக்கமுமே கொம்பும் காலும் இடம் மாறி வருது. முதல் எழுத்து மட்டுமில்லை. இதுவும் அதே பிழையோ?

வரிவடிவம்:
@நெய்தல்கரை இல்லை, இது கருவியோட கோளாறு. கேபிளில் ஏத்தின சாதாரண ஈபப்பை கோபோ அடோபி எஞ்சினில் திறக்கும், தமிழ் எழுத்தையும் குறியையும் சேர்த்து வரையறதில் அது சொதப்பும். அதே நூலைக் கெபபிஃபை செயலியில் கெபப் (கோபோவோட சொந்த வடிவம்) ஆக்கி ஏத்துங்க, அப்போ கோபோவோட சொந்த எஞ்சின் திறக்கும். கருவியோட முதல் மட்டத்தில் ஃபாண்ட்ஸ்னு ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு நோட்டோ தமிழை வச்சு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுங்க. விற்பனைக்கு கோபோ ரைட்டிங் லைஃபில் ஏத்துறவங்க ஈபப்பாவே கொடுக்கலாம், மாத்துறதை அவங்களே பார்த்துப்பாங்க.

நூல்வனம்22:
மாத்திட்டேன், ப்ரிவியூவரில் எல்லா அத்தியாயமும் சரியா வருது. ஒண்ணு ஸ்ரீயில் தொடங்குது, அதைக் கையால் திருத்தினேன். மொழிக்குறியும் மாத்தியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

வரிவடிவம்:
நல்லது. பேப்பர்வைட்டில் ஒருதடவை பார்த்துடுங்க. ஈபப்பைக் கேபிளில் காப்பி பண்ணினா அது திறக்காது, அமேசானோட சென்ட் டு கிண்டில் சேவை வழியா அனுப்புங்க. எழுத்து அளவை மிகப் பெரிசா வச்சு ‘வி’, ‘மு’வில் தொடங்குற பக்கங்களைப் பாருங்க, மோதினா அங்கேதான் மோதும்.

கோதை_மின்நூல்:
@நூல்வனம்22 செலக்ட் டிக் என்னாச்சு? கூகுளில் ஏத்துறதுக்கு முன்னாடி சொல்லுங்க.

நெய்தல்கரை:
கெபப் ஆக்கினாப் பிறகு கொம்பு எல்லாம் தன்ர இடத்தில நிக்குது. மிச்சம் நன்றி.

கோதை_மின்நூல்:
@நூல்வனம்22 ?