தாத்தாவின் பழைய பி.எஸ்.ஏ. கேடட் ஏர் ரைபிள்: ஸ்பிரிங் மாற்றணுமா?

கல்லிடைக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேணும். தாத்தா மாஞ்சோலை எஸ்டேட்டில் இருந்தவர், அங்கிருந்த துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஏர் ரைபிள் ஒன்று பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. மேலே ‘பி.எஸ்.ஏ. கேடட்’ என்று தேய்ந்த எழுத்து, பி.எஸ்.ஏ. என்பது இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனி. சின்னப் பையன்களுக்கான அளவு, தோளில் வைக்கும் கட்டை எனக்குக் குட்டையாக இருக்கிறது, எட்டாவது படிக்கும் மகனுக்குக் கச்சிதம். பேரலை, அதாவது குழலை, மடக்கினால் ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் சுட்டால் ‘புஸ்’ஸென்று காற்றுதான், பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) பத்தடியில் வைத்த அட்டைப்பெட்டியைக் கூடத் துளைக்கவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினால் ஸ்பிரிங் போச்சு, இன்னும் பலமானது போட்டுத் தாரேன் என்கிறார். போடலாமா? லைசென்ஸ் வேணுமா? மச்சான் வேறு வயலில் மயில் விரட்டக் கேட்கிறார்.

பொருநைக்கரை:
முதலில் மச்சானுக்கு: மயில் தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயிரைத் தின்றாலும் சுட்டால் கேஸ்தான். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முண்டந்துறை புலிகள் காப்பகக் காட்டுப் பக்கம் போவதும் வேண்டாத வேலை.

லைசென்ஸ் விஷயம்: 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ.க்கு மேல் துளையோ, 20 ஜூலுக்கு மேல் குண்டு பாயும் ஆற்றலோ உள்ள ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ். கேடட் 4.5 மி.மீ., அதாவது .177 அங்குலம், ஆற்றல் 20 ஜூலில் பாதியைக் கூடத் தொடாது. ஆனாலும் எழுத்தை மட்டும் நம்பாமல் லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் வைத்துத் துளையை அளந்து பாருங்கள். இதே பரணில் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிள் ஏதாவது கிடந்திருந்தால் கதையே வேறு, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கவே கூடாது, தாமதிக்காமல் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

லேத்துக்காரன் பாளை:
ஸ்பிரிங்கைத் தொடாதீங்க அண்ணாச்சி. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் காற்றைத் தள்ளும் பிஸ்டன் தலையில் இருப்பது தோல் வாஷர், சைக்கிள் பம்புக்குள் இருக்குமே அதே கிண்ணம். இத்தனை வருஷம் சும்மா கிடந்ததில் அது காய்ந்து சுருங்கியிருக்கும், காற்று ஓரமாக ஓடிவிடும், ‘புஸ்’ அதுதான். பலமான ஸ்பிரிங் போட்டால் காய்ந்த தோல் கிழியும், டிரிகர் கொக்கியும் சீக்கிரம் தேயும்.

பேரலை மடக்கினால் பின்னால் ஒரு சின்னத் துளை தெரியும், காற்று வரும் வழி. ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டாமல், அதில் தோலுக்குப் போடும் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு, கட்டை கீழே, வாய் மேலே இருக்கும்படி ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்த்து வையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். என்ஜின் ஆயிலும் வேண்டாம், அழுத்தத்தில் உள்ளேயே பற்றிக்கொண்டு பட்டென்று வெடிக்கும், புகை வரும், வாஷர் கருகும். தோல் எண்ணெயிலும் முதல் சில சூட்டில் லேசாகப் புகை வரலாம், பயப்படாதீங்க.

அப்புறம் பேரல் சேருமிடத்து வாஷரையும் பாருங்கள். மூடிய இணைப்பு மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டால், பேப்பர் துள்ளினால் அங்கேயும் கசிவு. பெல்லட் போடாமல் மட்டும் சுட்டுப் பார்க்காதீங்க, எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் போய் முட்டும்.

கல்லிடைக்காரன்:
எண்ணெய் விட்டு வைத்தேன், அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் ஓட்டை! ஆனால் டிஷ்யூ பேப்பர் பறக்கிறது. நானே கழற்றலாமா? துருவுக்கு உப்புத்தாள் தேய்க்கலாமா?

லேத்துக்காரன் பாளை:
பேரல் வாஷர் மட்டும் என்றால் ஊசியால் நெம்பி எடுத்து, அதே கனத்தில் தோல் வெட்டி வைத்தால் போதும். ஒரு கையால் பேரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், டிரிகர் நழுவினால் பேரல் மேலே அடிக்கும், விரல் மிஞ்சாது. பின்மூடியைக் கழற்ற வேண்டாம், உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, பிடித்து இறக்க கிளாம்ப் வேணும். உப்புத்தாள் போட்டால் இருக்கிற கறுப்பு மெருகும் போய்விடும், எண்ணெய்த்துணி வைத்துத் தேய்த்தால் வருகிற துரு வரட்டும், மிச்சம் கிடக்கட்டும்.

பொருநைக்கரை:
பையன் சுடும்போது நீங்க பக்கத்தில் நில்லுங்க, பின்னால் மண்மூட்டை அடுக்குங்க. பெல்லட் ஈயம், கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.